டாக்கோ தொவண்டு இருக்கிறது என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவருக்கு

இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஹூஸ்டனில் உள்ள ஒரு மெக்சிக டாக்கோ கடையைப் பற்றிய பதிவை எல்லோரும் படித்திருப்பீர்கள். டாக்கோ என்றால், டார்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் கறி போன்றதை வைத்து மடித்துத் தின்பது. பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதிய விமர்சனத்தையும் பார்த்திருப்பீர்கள். "சப்பாத்தி மாதிரி தொவண்டு கெடக்கு. சீஸ் இல்ல, லெட்டூஸ் இல்ல, மொறுமொறுப்பே இல்ல. இது ஒரிஜினல் டாக்கோவே இல்ல." ஒரு நட்சத்திரம். எழுதியவர் பெயர் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் நகர முடியவில்லை.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். நாக்கு உங்களுடையது, யாரும் கேட்க முடியாது. ஆனால் நகலை அளவுகோலாக வைத்துக்கொண்டு அசலை அளக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

அந்தத் தொவண்ட டார்ட்டியா தட்டுக்கு வர என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளம். நாம் வேகவைத்துத் தின்னும் ஸ்வீட் கார்ன் இதற்கு உதவாது, மாவுச்சத்து நிறைந்த வெள்ளை மக்காச்சோளம் வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீர், பத்து கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. ஆமாம், நம் பாட்டிகள் வெற்றிலைக்குத் தடவிய அதே சுண்ணாம்புதான். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துச் சோளத்தைப் போட்டதும் மணிகள் மஞ்சளாகும். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. கொதிக்கு முன்னால் தீயைக் குறைத்து முப்பது, நாற்பது நிமிடம். ஒரு மணியை எடுத்து விரலில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், நகத்தால் கிள்ளினால் நடுவில் வெள்ளையாக, வேகாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம். பதம் தாண்டினால் மாவு பசையாகிக் கையைவிட்டு வராது. பதம் வராவிட்டால் மாவு சேராது. அடுப்பை அணைத்து, மூடி, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊறவேண்டும்.

காலையில் அந்த மஞ்சள் தண்ணீரை வடித்துவிட்டுச் சோளத்தைக் களைவார்கள். தோலை முழுக்க எடுத்துவிடக் கூடாது, அதிலுள்ள பிசின் கொஞ்சம் இருந்தால்தான் மாவு இழுத்துப் பிடிக்கும். பிறகு கல் இயந்திரத்தில் அரைப்பு. அந்தக் காலத்தில் நம் அம்மி போலவே சாய்ந்த எரிமலைக்கல்லில், மண்டியிட்டு உட்கார்ந்து அரைத்தார்கள். மிக்ஸியில் போட்டால் ஓடுவதற்கே தண்ணீர் விடவேண்டியிருக்கும், தோசை மாவுதான் மிஞ்சும். இந்தியக் கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவை வாங்கி "டாக்கோ செஞ்சேன், உடைஞ்சு போச்சு" என்று படம் போட்டவர்களே, உங்கள் கைமேல் குற்றமில்லை. அந்த மாவு சுண்ணாம்பைப் பார்க்காத மாவு. அது ஒட்டாது.

சுண்ணாம்பு ருசிக்கு மட்டும் போடுவதில்லை. சோளத்துக்குள் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை அதுதான் உடம்புக்குக் கிடைக்கும்படி விடுவிக்கிறது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பக்குவம் இருக்கிறது. சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது. பெலாக்ரா என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அதில் செத்தார்கள். நீங்கள் "சப்பாத்தி மாதிரி" என்று தள்ளிவிட்ட தட்டில் இத்தனை அறிவு இருக்கிறது.

இனி அந்தத் தொவளலுக்கு வருவோம். அந்தக் கடையில் அடுப்பில் நிற்கும் அம்மாவின் கையைக் கவனியுங்கள். முப்பது கிராம் மாவு, எலுமிச்சை அளவுக்குச் சற்றுச் சின்ன உருண்டை. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஓரம் வெடித்தால் விரலைத் தண்ணீரில் நனைத்துப் பிசைவார். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வரும். அதைத் தாளிலிருந்து கைக்கு மாற்றிக் காய்ந்த கல்லில் படரவிடுவார். பதினைந்து, இருபது நொடி. ஓரம் லேசாக எழும்பியதும் திருப்பு. இன்னும் ஐந்து, பத்து நொடி அசந்தால் அந்தப் பக்கம் காய்ந்துபோகும், பிறகு எவ்வளவு சுட்டாலும் உப்பாது. இரண்டாம் பக்கம் முக்கால் நிமிடம். மறுபடி திருப்பியதும் பூரி போல எழும்பும். எழும்பினால்தான் உள்ளே வெந்தது என்று அர்த்தம். எடுத்துத் துணியில் சுற்றிக் கூடையில் பத்து நிமிடம். அந்தப் புழுக்கத்தில்தான் டார்ட்டியா தொவளும். மடித்தால் விரிசல் விடாமல், கிழியாமல் கைக்குள் அடங்கும்.

ஆக, நீங்கள் குறையென்று எழுதியதற்காகத்தான் அந்த அம்மா முந்தின நாளிலிருந்து வேலை செய்திருக்கிறார். அது தொவளாமல் உடைந்திருந்தால் நீங்கள் புகார் சொல்லியிருக்கலாம், நானும் கூட நின்றிருப்பேன்.

சரி, மொறுமொறு டாக்கோ எங்கிருந்து வந்தது? அதுவும் மெக்சிகர்களின் கையிலிருந்துதான். மெக்சிகோவில் டாக்கோஸ் தொராதோஸ் உண்டு. டார்ட்டியாவில் உள்ளீட்டை வைத்து மூடி, பிறகு எண்ணெயில் பொரிப்பது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1937இல் தொடங்கிய மிட்லா கஃபே என்ற மெக்சிகக் குடும்ப உணவகம் அப்படிப் பொரித்த டாக்கோவை விற்றது. எதிர்ச்சாரியில் ஹாம்பர்கர் கடை வைத்திருந்த கிளென் பெல் அதைத் தின்று பார்த்துச் செய்முறையைக் கற்றுக்கொண்டார். 1962இல் அதே மாநிலத்தின் டவுனியில், அவருடைய துரித உணவு நிறுவனமான டாக்கோ பெல்லின் முதல் கடை. டார்ட்டியாவை மட்டும் தனியாகக் கூடு போல வளைத்து முதலிலேயே பொரித்து வைத்துவிட்டால் கல்லும் வேண்டாம், பதம் தெரிந்த கையும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் சில நொடியில் கறி, லெட்டூஸ், சீஸ் அள்ளிப் போட்டுக் கொடுத்துவிடலாம். கடைக்காரருக்கு அது கெட்டிக்காரத்தனம். அந்த வசதிக்காகப் பிறந்த வடிவத்தை "ஒரிஜினல்" என்று சொல்லிக்கொண்டு வந்து, பதம் தெரிந்த கைக்கு மதிப்பெண் போடுவதுதான் எனக்கு வலிக்கிறது. இதே நிறுவனம் 1992இல் மெக்சிகோவுக்கே போய்க் கடை திறந்தது, நிற்கவில்லை. 2007இல் அந்நாட்டின் மான்டெரே நகரில் மறுபடி முயன்றது. அந்த மொறுமொறுக் கூட்டுக்கு அங்கே டாக்கோ என்று பெயர் வைக்கவே துணியாமல் "டாகோஸ்தாதா" என்று விற்றது. 2010இல் அதையும் மூடியது.

"உணவு மாறிக்கிட்டேதான் இருக்கும், ஒரிஜினல்னு ஒண்ணு ஏது?" என்று கேட்கப்போகிறீர்கள். மாறட்டும். யார் தடுத்தார்கள்? இன்று மெக்சிகோ நகரமே கொண்டாடும் அல் பாஸ்தோர் டாக்கோ, லெபனானிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த, கறியைக் குத்திச் சுடும் செங்குத்துக் கம்பியில் பிறந்தது. ஆட்டுக்கறிக்குப் பதில் பன்றிக்கறி, அச்சியோத்தே விதையும் காய்ந்த மிளகாயும் அரைத்த சிவப்பு மசாலா, கம்பியின் உச்சியில் அன்னாசி. பொரித்த டார்ட்டியாத் துண்டுகள்மேல் சீஸ் உருக்கிய நாச்சோஸ், 1940களில் எல்லை ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் கையில் இருந்ததை வைத்துச் செய்து கொடுத்தது. டெக்ஸ்-மெக்ஸும் எனக்கு மரியாதைக்குரிய சமையல்தான், டெக்ஸாஸில் தலைமுறைகளாக வாழும் மெக்சிகக் குடும்பங்களின் சொந்தச் சமையல் அது. மாறுவதில் எனக்குச் சண்டையே இல்லை. அந்த அம்மா தன் வீட்டுப் பக்குவத்தில் செய்ததைப் போலி என்று சொன்னீர்களே, சண்டை அதில்தான்.

"மெக்சிகோலயே இப்ப பாதிப் பேர் பாக்கெட் மாவுதான்" என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். பாக்கெட் மாவு அங்கே நிறையப் புழங்குகிறது, மறுக்கவில்லை. அந்தப் பாக்கெட்டிலும் சுண்ணாம்பில் வெந்து அரைத்துக் காயவைத்த மாவுதான் இருக்கிறது. அதிலும் டார்ட்டியா தொவண்டுதான் வரும்.

"நீ பெரிய மேதாவி, டாக்கோ பெல்லில் தின்பவர்களைக் கேவலப்படுத்துகிறாய்" என்பவர்களுக்கு: இல்லை. இரவுப் பணி முடிந்து காரில் இருந்தபடியே வாங்கித் தின்பவரை நான் எதற்குக் கேவலப்படுத்த வேண்டும்?

அப்புறம் விலை. "ஒரு கைப்பிடி டாக்கோவுக்கு மூன்றரை டாலரா?" இதே நண்பர்கள் ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பான ராமென் ஒரு கிண்ணத்துக்குப் பதினெட்டு டாலர் கொடுத்துவிட்டு, சூப் பன்னிரண்டு மணி நேரம் கொதித்தது என்று பெருமையாக எழுதுகிறார்கள். சோளம் பன்னிரண்டு மணி நேரம் ஊறினால் மட்டும் அது தெருச் சாப்பாடு, மலிவாகக் கொடுக்க வேண்டும். சமைப்பவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை வைத்து அவர் உழைப்புக்கு விலை போடுகிறோம். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, கோபத்தில்தான்.

2020இல் ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர் இட்லிதான் உலகத்திலேயே சலிப்பான உணவு என்று ட்விட்டரில் எழுதியபோது நாம் என்ன செய்தோம்? மாவு புளிப்பது என்ன சாதாரண விஷயமா, உளுந்தின் பக்குவம் தெரியுமா, சட்னியோடு தின்றாயா என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தோம். சரியாகத்தான் எடுத்தோம். ராத்திரி ஊறவைத்து, காலையில் அரைத்து, பதம் பார்த்துச் செய்யும் உணவை ஒருவர் ஒற்றை வரியில் தள்ளினால் எப்படி வலிக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? மிளகாயும் தக்காளியும் நமக்கு எந்த மண்ணிலிருந்து வந்தன என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நண்பரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கடையில் நீங்கள் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை, அதை அப்படியே எழுதுங்கள். சல்சா என்ற அவர்கள் சட்னி காரம் என்றால் காரம் என்று எழுதுங்கள். தாமதமாக வந்தால் அதையும் எழுதுங்கள். "ஒரிஜினல் இல்ல" என்ற அந்த ஒரு வரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.