கடன் கிடைக்கிறது, மழை விழுகிற வாரத்தில் கிடைப்பதில்லை

இராமநாதபுரம் கரையோரத்தில் குண்டு மிளகாய் போடுகிறவர்களுக்கும், வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும், கருவாடு விற்கிற பெண்களுக்கும் கடன் எட்டவில்லை என்று பேச்சு வரும்போதெல்லாம் எல்லோரும் வட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். வட்டியைக் குறைத்தால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிசான் கிரெடிட் கார்டில் கெடு தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. அப்படியிருந்தும் சனம் மண்டி வாசலில் நிற்கிறது என்றால் கோளாறு வட்டியில் இல்லை. பணம் கைக்கு வருகிற நாளிலும், திருப்பிக் கட்டச் சொல்கிற நாளிலும் இருக்கிறது.

மிளகாயை எடுத்துக்கொள்வோம். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பயிர், பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மானாவாரியில் அதற்குக் காசு வேண்டியது புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும். மழை இறங்கி ஈரம் ஓடுவதற்குள் உழவு, விதை, அடியுரம் முடிந்தாக வேண்டும். அடுத்த மாதமே களையெடுப்பு. அந்தக் கூலிதான் இருப்பதிலேயே பெரிய செலவு. ஆனால் பயிர்க்கடனுக்குச் சிட்டாவோடு அடங்கலும் கேட்கிறார்கள். அடங்கல் என்பது எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. விதையே போடாத நிலத்தில் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? முளைத்த பிறகு எழுதி, சங்கத்தில் கொடுத்து, மத்தியக் கூட்டுறவு வங்கியில் அனுமதியாகி, கணக்கில் பணம் ஏறும்போது மார்கழி பிறந்துவிடுகிறது. அதற்குள் விதைப்பும் களையெடுப்பும் மண்டிக்காரர் கொடுத்த முன்பணத்தில் முடிந்துபோயிருக்கும்.

அந்த முன்பணத்தின் விலை என்ன என்று ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக, ஐப்பசியில் ரூ.50,000 வாங்கியவர் பங்குனியில் 400 கிலோ வத்தலைக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சந்தையில் கிலோ ரூ.200. முன்பணம் வாங்கியவருக்கு ரூ.185. அதிலேயே ரூ.6,000 போயிற்று. 25 கிலோ சாக்குக்கு 1 கிலோ கழிவு என்றால் 16 சாக்குக்கு 16 கிலோ, ரூ.2,960. ஆக ரூ.8,960. ஐந்து மாதத்துக்கு 18 சதவீதம், வருஷத்துக்கு 43 சதவீதம். இதே ரூ.50,000 கிசான் கார்டில் ஐந்து மாதம் இருந்தால் வட்டி சுமார் ரூ.830. "மண்டிக்காரர் வட்டியே வாங்குவதில்லை" என்று ஊரில் நல்ல பேர் வாங்கியிருக்கும் பணம் இது. வட்டி தராசில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மண்டிக்காரரைத் திட்டுவது என் நோக்கமில்லை. மழை விழுந்த அன்று சாயங்காலமே காசு தருகிறார், பட்டா கேட்பதில்லை, வத்தல் வரும்வரை காத்திருக்கிறார். அந்த மூன்றையும் வங்கி செய்தால்தான் சனம் வங்கிக்குப் போகும். சட்டப்படி செய்யவும் வழி இருக்கிறது.

கிசான் கார்டு ஒரு தடவை வாங்கித் தீர்க்கிற கடன் இல்லை. 5 வருஷத்துக்குச் செல்லுபடியாகும் வரம்பு. வேண்டும்போது எடுக்கலாம், கட்டலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. எனவே ஐப்பசியில் போய்க் கடன் கேட்கக்கூடாது. ஆனி, ஆடியில் வரம்பை வாங்கி வைத்துக்கொண்டு, மழை விழுந்ததும் ரூபே அட்டையில் எடுக்க வேண்டும். கோடையில் கிளையில் கூட்டம் குறைவு, போன வருஷத்து அடங்கலும் கையில் இருக்கும். எல்லாத் தாளும் சரியாக இருந்தால் 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது வங்கிகளுக்கான விதி.

வரம்பு எவ்வளவு என்பதும் மேலாளர் மனசைப் பொறுத்தது இல்லை. மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிர்வாரியாக ஏக்கருக்கு ஒரு கடன் அளவு நிர்ணயிக்கிறது. உதாரணத்துக்கு அது ரூ.30,000 என்றால் 2 ஏக்கருக்கு ரூ.60,000. அதோடு அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், ரூ.6,000. பண்ணைச் சாமான் பராமரிப்புக்கு 20 சதவீதம், ரூ.12,000. மொத்தம் ரூ.78,000, பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் தனி. வருஷா வருஷம் 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாம் வருஷம் ரூ.1,14,200 அளவுக்கு வரும். நடைமுறையில் பல கிளைகளில் அந்த 10ஐயும் 20ஐயும் சேர்ப்பதே இல்லை. வீட்டுச் செலவுக்கான அந்த ஆறாயிரம் விட்டுப்போனதால்தான் தீபாவளிக்குத் தண்டல்காரரிடம் போகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

அடமானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 1 முதல் ரூ.2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ரூ.3 லட்சம் வரை பரிசீலனைக் கட்டணமும் இல்லை. இருந்தும் "நகை இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நகைக்கடன் கிளைக்கு வசதி, அரை மணி நேர வேலை. நகை இல்லாத வீட்டுக்கு அதே கேள்வி, கதவைச் சாத்துகிற மாதிரி.

பட்டா விஷயத்தில் நம் பக்கத்துக் குறையும் உண்டு. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, ஐந்து பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க இ-சேவையில் விண்ணப்பித்து, நில அளவர் வந்து அளந்து, மாதக்கணக்கில் ஆகும். கடன் வேண்டிய வருஷத்தில் அதைத் தொடங்கினால் அந்த வருஷம் போச்சு. விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறவர்களும், வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர்களும் கிசான் கார்டுக்குத் தகுதியானவர்கள்தான். தனியாகக் கிடைக்காவிட்டால் 4 முதல் 10 பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கேட்கலாம்.

இனி கெடு. நிறையப் பேர் மோசம் போவது இங்கேதான். கெடுவுக்குள் அசலும் வட்டியும் முழுக்கக் கட்டினால்தான் வட்டியில் 3 சதவீதச் சலுகை கிடைத்து அது 4க்கு இறங்கும். வட்டியை மட்டும் கட்டிவிட்டு "புதுப்பித்தாச்சு" என்று வந்தால் அது கிடைக்காது. குண்டு மிளகாய் மாசியில் பழுக்கத் தொடங்கி வைகாசி வரை பறிப்பு ஓடும். கெடு பங்குனிக் கடைசியில் விழுந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வாரத்தில் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விற்க மனமில்லாதவர், கார்டுக் கடனை அடைத்து மறுபடி எடுக்கிற ஒரே நாளுக்காகத் தனியாரிடம் கைமாற்று வாங்கி அதற்கும் கூலி கொடுக்கிறார். சாகுபடி எப்போது, விற்பனை எப்போது என்று பார்த்துத் தவணையை வைக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் பயிர் பெயருக்குப் பக்கத்தில் "விற்பனை மாதம்: ஆனி" என்று எழுதிக் கொடுங்கள்.

விலைக்குக் காத்திருக்க இன்னொரு வழி, பொருளீட்டுக் கடன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வத்தலை இருப்பு வைத்து அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கடனாக வாங்கி, அதை வைத்துக் கார்டை அடைக்கலாம். விலை ஏறியதும் விற்று இதைத் தீர்க்கலாம். ஆனால் ஈரம் 10, 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். காம்பு வளைந்தால் இன்னும் காயவில்லை, முறிந்தால் காய்ந்துவிட்டது. பாதிக் காய்ச்சலில் சாக்குக் கட்டினால் நடுச் சாக்கு சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பனியில் நனைந்தது வெளுத்துச் சோடையாகும். அப்போது நீங்கள் ஈடு வைத்த சரக்கின் மதிப்பே பாதியாகிவிடும். கடல் காற்றில் வத்தல் ஈரம் இழுக்கும் என்பதால் சாதாரணக் கிட்டங்கியில் நெடுநாள் வைத்தால் நிறம் போகும். எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்தில் இருப்பதுபோன்ற குளிர்பதனக் கிட்டங்கி இன்னும் பல ஊரில் வேண்டும். விவசாயக் கடன் கொள்கை பேசுகிறவர்கள் கிட்டங்கியைப் பற்றிப் பேசாமல் போவது எனக்குப் புரிவதே இல்லை.

கடல் பக்கம் வந்தால் இதே கதை வேறு உருவத்தில். கிசான் கார்டை 2018-19ல் மீன்பிடிக்கும் கால்நடைக்கும் விரித்தார்கள். படகுப் பதிவு, மீன்பிடி உரிமம், சங்க உறுப்பினர் அட்டை இருந்தால் ஐஸ், டீசல், வலைச் செலவுக்கு வாங்கலாம். அது ஓட்டச் செலவுக்கான பணம். அதில் இன்ஜின் வாங்கியவர்கள் வருஷக் கடைசியில் கணக்கை நேராக்க முடியாமல் தவிக்கிறார்கள். இன்ஜினுக்குத் தவணைக் கடன் தனியாகக் கேட்க வேண்டும்.

வியாபாரி தரும் முன்பணத்துக்குத் தேதியும் கிடையாது, வட்டியும் கிடையாது. பிடிக்கிற நண்டும் கணவாயும் அவருக்கே போக வேண்டும், விலை அவர் சொல்வது. ரூ.1 லட்சம் வாங்கியவர் நாளுக்கு 5 கிலோ நண்டு கொடுத்து, கிலோவுக்கு ரூ.40 குறைந்தால் நாளுக்கு ரூ.200. 200 நாள் கடலுக்குப் போனால் ரூ.40,000. அசல் அப்படியே நிற்கும். அப்பா வாங்கியதற்கு மகன் நண்டு கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. தனியார் கடனில் சிக்கிய விவசாயிக்கு அதை அடைக்கத் தரும் கடனும் வங்கி கட்டாயம் கடன் தர வேண்டிய முன்னுரிமைத் துறைக் கணக்கில் சேரும். மீன்பிடிக்கும் இந்த வாசலைத் திறக்கச் சொல்லி மீனவர் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

தவணையையும் பாருங்கள். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, காற்று இருக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் தென்கடலில் ஆனி ஆடிக் கச்சான். தேவிபட்டினம், தொண்டி பக்கம் வடகடலில் ஐப்பசி முதல் வாடை. ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல், இரண்டு காலண்டர். வங்கியில் மட்டும் 12 மாதமும் சமத் தவணை. கடல்பாசி வளர்ப்புக்கு இன்னும் வேறு: 12க்கு 12 அடி மிதவை, 60 கிலோ விதைப்பாசி, 45 நாளுக்கு ஒரு அறுவடை, அதிலும் ஒரு பங்கு மறுபடி விதைக்கு. அவர்களிடம் முதல் மாதமே தவணை கேட்டால் விதையை விற்றுத்தான் கட்டுவார்கள்.

தலைச்சுமையாய்க் கருவாடு விற்கும் பெண்களுக்குப் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது தண்டல். ரூ.10,000 என்று எழுதிக் கையில் ரூ.9,000 தந்து, நாளுக்கு ரூ.100 வீதம் 100 நாள் வாங்குவது. அசல் தினமும் குறைந்துகொண்டே போவதால், சராசரியாக 50 நாளுக்கு 11 சதவீதம் என்று ஆகிறது. வருஷக் கணக்கில் 80. மகளிர் குழு வழியாக வங்கி இணைப்புக் கடன்தான் இதற்கு மாற்று. அதற்குக் குழு ஆறு மாதம் ஒழுங்காக நடத்த வேண்டியவை: கூட்டம், சேமிப்பு, குழுவுக்குள் கடன், திருப்பிக் கட்டல், கணக்குப் புத்தகம். பெரும்பாலும் குழு தோற்பது கடைசியில் சொன்னதில். தீர்மானப் புத்தகமும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாத இடத்தில் கிளை கையை விரித்துவிடும்.

சிறு தொழில் பற்றி ஒன்று மட்டும். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கிப் பொட்டலம் போட்டு விற்க ஒரு கூடம் வைக்கிறார்கள் என்று வையுங்கள். சிறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சம் ரூ.10 லட்சம். மானியம் மூன்று வருஷம் வங்கியிலேயே கிடந்து பிறகுதான் கழியும் என்பது முதல் ஏமாற்றம். இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: கடன் முழுக்க இயந்திரத்துக்கே போய்விடும். பதநீர் இறங்குவது நாலைந்து மாதம். வருஷம் பூரா விற்க வேண்டிய கருப்பட்டியை அந்த நாலைந்து மாதத்தில் வாங்கிப் போட வேண்டும். அதற்குப் பணம் இல்லாமல் புது இயந்திரம் உறை போட்டுக் கிடக்கும். திட்ட அறிக்கையிலேயே கொள்முதல் மாதத்தைக் காட்டி, நடைமுறை மூலதனத்தைச் சேர்த்துக் கேளுங்கள்.

மாவட்ட அளவில் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மானாவாரிப் பகுதிக்கு, விதைக்கு முன்பே சாகுபடி உத்தேசச் சான்று கொடுத்தால் கடன் தர வேண்டும். மிளகாய்க் கெடுவை ஆனிக்குத் தள்ள வேண்டும். வடகடலுக்கும் தென்கடலுக்கும் தனித்தனித் தவணை அட்டவணை வேண்டும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் முன்னால் இதை எழுத்தில் கொடுக்கலாம்.

விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் கடமை. தராவிட்டால் கிளைக்கே முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448. கடன் கிடைத்துவிட்டால், கையெழுத்துப் போடுமுன் கெடு தேதி எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். பங்குனி என்று இருந்தால் அந்த மேசையிலேயே மாற்றச் சொல்லுங்கள்.