இடத்தைக் காட்டுகிறீர்கள், எப்படிப் போவது என்று யார் சொல்வது?

எங்கேயாவது ஊர் பார்க்கப் போகலாம் என்று இணையத்தில் தேட உட்கார்ந்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. எந்த இடத்தின் பெயரைப் போட்டாலும் முதலில் வந்து நிற்பது ரீல்ஸ்தான். முப்பது நொடி வீடியோ. மேலிருந்து ட்ரோன், பின்னணியில் ஒரு சினிமா பாட்டு, அருவிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு ஒருவர். எழுத்தென்று பார்த்தால் இரண்டே வரி: "நம்ம தமிழ்நாட்டுலயே இப்படி ஒரு சொர்க்கம் இருக்குன்னு தெரியுமா? லொக்கேஷன் வேணும்னா கமென்ட்ல கேளுங்க." கீழே வரிசையாக "லொக்கேஷன் ப்ளீஸ்", "ப்ரோ எங்க இருக்கு". ஒருத்தருக்கும் பதில் கிடையாது. பெயரை மறைத்தால் கமென்ட் ஏறும், கமென்ட் ஏறினால் இன்னும் பல பேருக்குக் காட்டும் என்று தெரிந்தே செய்கிறார்கள். போக நினைக்கிறவனுக்கு வழி சொல்லாதது எப்படிப் பயணப் பதிவாகும்?

சரி, பெயரைச் சொல்கிறவர்களையாவது பார்ப்போம். தேதி இருக்காது. குற்றாலத்தில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சீசன். ஜூலையில் எடுத்த வீடியோவை அடுத்த ஏப்ரலில் "இந்த வீக்கெண்டுக்கு இங்க போங்க" என்று மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். அதை நம்பி லீவு விட்ட கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டி பிடித்துப் போகிறவர்கள், ஒழுகுகிற நூல் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காலம் தப்பிப் பெய்கிற மழையோ இன்னும் ஆபத்து. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு அதை யார் சொல்வது?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அதற்கு முன்னால் எடுத்த வீடியோக்கள் தேதியில்லாமல் இன்னமும் சுற்றுகின்றன. அதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பி வருகிறவர்கள் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் தேடிப் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதும் அங்கே போய்த்தான் தெரிகிறது.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும், அப்படியே ஆகாய கங்கை அருவியையும் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. தேடினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக்கைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டுகிறார்கள். அருவி விழுவதை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். ஆனால் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, செங்குத்தாக இறங்க வேண்டும், இறங்கியதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்று நான் பார்த்த ஒரு ரீலிலும் இல்லை. கைப்பிடி எதுவரை இருக்கிறது? நடுவில் உட்கார இடம் உண்டா? பெண்கள் உடை மாற்ற அறை இருக்கிறதா? எத்தனை மணிக்கு மேல் கீழே விடமாட்டார்கள்? எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

கடைசியில் விடை கொடுத்தவர் யாரோ முன்பின் தெரியாதவர். தன் சொந்தத் தளத்தில் பல வருடங்களுக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார். மாமியாரைக் கூட்டிக்கொண்டு போன கதை. படிகளின் உயரம் ஒன்றுபோல் இருக்காது, இறங்கும்போது தெரியாது, ஏறும்போதுதான் தொடை சொல்லும் என்று எழுதியிருந்தார். பாசி எந்தப் பக்கம், மாமியாரை எங்கே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கினார்கள், அவருக்கு டீ எங்கே கிடைத்தது, எல்லாம் இருந்தது. ஒரு படத்தில் ஆளே இல்லை. வெறும் படிகள், ஓரத்தில் துருப்பிடித்த கம்பி, கீழே வளைந்து மரத்துக்குள் மறைகிற பாதை. அழகான படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நான் கோயிலோட நிறுத்திக்கறேன், நீங்க எறங்கிட்டு வாங்க" என்றார். லட்சம் பேர் பார்த்த வீடியோக்கள் செய்யாத வேலையை அந்த மனிதர் செய்திருக்கிறார்.

இவரைப் போல எழுதத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதாமல் இருப்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. என் சித்தப்பா காசிக்குப் போய்விட்டு வந்தார். எந்தப் படித்துறையில் (அங்கே 'காட்' என்பார்கள்) படி இறங்கச் சுலபம், படகுக்காரர் எவ்வளவு கேட்டார், எவ்வளவுக்குப் படிந்தார், அனுமன் காட் பக்கம் தமிழ் பேசுகிறவர்களை எங்கே பார்க்கலாம், விசுவநாதர் கோயிலுக்குள் போனை விடமாட்டார்கள், அதை எங்கே கொடுத்துவிட்டுப் போவது என்று மணிக்கணக்கில் சொல்வார். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதையெல்லாம் எங்கே போட்டிருக்கிறார்? குடும்ப வாட்ஸப் குழுவில் படங்கள். அடுத்த நாள் காலை அதற்கு மேல் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூக்கள் வந்து விழுந்தன. ஒரு வாரத்தில் அந்தப் படங்களைத் தேடி எடுக்க அவராலேயே முடியவில்லை. மிச்சத்தை ஸ்டேட்டஸில் வைத்தார். இருபத்து நாலு மணி நேரத்தில் அதுவும் போயிற்று. "எங்கயாவது எழுதி வைங்க சித்தப்பா" என்று கெஞ்சினால், "அதான் எல்லாரும் பாத்துட்டாங்களேப்பா" என்கிறார். பார்த்தவர்கள் அவரைத் தெரிந்தவர்கள். காசிக்குப் போகப் போகிற, அவரைத் தெரியாத இன்னொரு சித்தப்பா எங்கே போய்ப் பார்ப்பார்?

இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறேன், ஃபேஸ்புக்கில் இருக்கிறது என்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அங்கே கணக்கு இல்லாதவர் திறந்தால் இரண்டு படம் காட்டிவிட்டு 'லாக்-இன் செய்' என்று வழிமறிக்கும். மூன்று வருடத்துக்கு முன் போட்டதைத் தேடி எடுக்க, போட்டவரே விரல் தேயத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தளமே நிலைக்கும் என்று யார் சொன்னது? ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தை 2014இல் மூடினார்கள். வரைபடத்தில் இடம் குறித்துப் படம் ஏற்ற பனோராமியோ என்று அருமையான ஒன்று இருந்தது. 2007இல் கூகுள் வாங்கியது, 2016இல் மூடியது. அதே கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இல் போனது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் தனுஷ்கோடியை நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே சரியான சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் வேன் ஏறி, மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போய்த்தான் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்க்க முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தார்கள். இனி அந்த வேன் பயணத்தை யாரும் படமெடுக்க முடியாது. அதற்குள் போய் வந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் எடுத்த படங்களில் எத்தனை, மூடிய தளங்களோடும் தொலைந்த போன்களோடும் போயிற்றோ. நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்று. நம் போன் ஒரு படம் எடுக்கும்போது தேதி, நேரம், இருப்பிடத்தை அனுமதித்திருந்தால் எடுத்த இடம் வரைக்கும் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போவதோடு இந்த விவரங்களும் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. (வீட்டில் எடுத்த படத்தை இருப்பிடத்தோடு ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம், அது வேறு.)

விமர்சனங்களைப் பற்றிப் பேசினால் கோபம் இரட்டிப்பாகிறது. 'சூப்பர்', 'நைஸ் ப்ளேஸ்', 'குட்', ஐந்து நட்சத்திரம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவெடுப்பது? ஒரு மலை ஊரில் தங்கிய இடத்தில் வெந்நீர் வரவில்லை, கழிப்பறைத் தாழ்ப்பாள் விழவில்லை. அறையைக் காலி செய்யும்போது வரவேற்பில் இருந்த பையன், "சார், அஞ்சு ஸ்டார் போட்டுக் காட்டுங்க, பில்லுல கொறைச்சுக்கலாம்" என்றான். அவன் மேல் தப்பில்லை, முதலாளி சொல்லச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு இருக்கிற நட்சத்திரமெல்லாம் இப்படி வந்தவைதானோ என்று அப்போதுதான் புரிந்தது. காசு கொடுத்து வாங்கிய விமர்சனங்களுக்கு இடம் தரக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரிலேயே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. அப்போது அதைக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். இலவசமாகத் தங்கவைத்து வீடியோ போடச் சொன்னால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதலும் கொடுத்தது. மலை உச்சி நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டு 'வேற லெவல் ரிசார்ட்' என்கிறவர்களில் எத்தனை பேர் அதைச் சொல்கிறார்கள்?

நண்பன் ஒருவன் சண்டைக்கு வருகிறான். "நல்ல எடத்த எல்லாம் வெளிய சொன்னா கூட்டம் வந்து நாசமாயிடும் மச்சான், அதான் சொல்லாம இருக்கோம்." அவன் பயம் நியாயம்தான். அருவிப் பாறைகளில் உடைந்த பாட்டிலை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டியது எது? பாட்டுப் போட்டுக் காட்டிய முப்பது நொடிதான். யானை நடமாடும் பாதை, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும், குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள் என்று நாலு பக்கம் எழுதியதைப் பொறுமையாகப் படித்துவிட்டு வருகிறவன் பாட்டிலை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நிஜமாகவே தாங்காத இடம் என்றால் படத்தையும் போடாதீர்கள். ஆசையைக் கிளப்பிவிட்டு விதியை மட்டும் மறைப்பது என்ன நியாயம்?

போட வேறு இடம் இல்லை என்று சொல்லவே முடியாது. சொந்தப் பெயரில் ஒரு தளம் வைக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் யார் வேண்டுமானாலும் படம் ஏற்றக்கூடிய பொதுக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. 2004 முதல் நடக்கிறது, விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. நீங்களே எடுத்த படத்தை உங்கள் பெயரோடு ஏற்றலாம், கோயில் படம் என்றால் தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் கோயிலைப் பற்றிய கட்டுரையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். படமே இல்லாத ஊர்க் கோயில்கள் இன்னும் எத்தனையோ. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் குடிநீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் குறிக்கலாம். படிக்கட்டு என்றால் எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று குறிக்கவே அதில் இடம் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் யாரோ எனக்கு முன்னாலேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்! நம் ஊர்ப் படிகளுக்கு அதை நிரப்பத்தான் ஆளில்லை.

"யார் படிக்கப் போறா, நேரம் எங்க இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ரீலுக்குப் பாட்டுத் தேட, கலர் மாற்ற, லைக் எண்ணத் தினம் நேரம் இருக்கிறது. நான் கேட்பது அரை மணி நேரம். போன தேதி, பஸ் நம்பர், கொடுத்த காசு, பூட்டியிருந்த கதவு, வயதானவர்களால் முடியுமா முடியாதா. பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை. படத்தின் பெயரை ஏதோ எண்ணாக விடாமல் தமிழில் ஊர்ப் பெயர் போட்டு, லாக்-இன் கேட்காத இடத்தில் வையுங்கள். அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஐந்தருவியில் பெண்கள் உடை மாற்றும் அறை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள்.