பீடி சுற்றுகிற ஊரில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்

டீக்கடையில் உட்கார்ந்து பீடி, சிகரெட் குடிக்கக் கூடாது என்று போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தேன். "ஆலங்குளத்துக்காரி நீங்களே இப்படிச் சொல்லலாமாக்கா? பீடியாலதானே நம்ம பக்கம் பாதி வீட்டில அடுப்பு எரியுது" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சிலர் கோபமாக, சிலர் நிஜமான வருத்தத்தோடு. வருத்தப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆமாம், என் அம்மா பீடி சுற்றியவள். மடியில் முறம், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரி, தூள், நூல். பேசிக்கொண்டே இருப்பாள், விரல் தன்பாட்டுக்கு ஓடும். சாயங்காலம் பீடிக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கடையில் ஒப்படைத்துவிட்டு மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வருவாள். என் பள்ளிக்கூடப் பீஸ் அந்த முறத்தில் இருந்து வந்தது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி எத்தனையோ அம்மாக்கள். புகையிலைத் தூளைச் சுவாசித்து வரும் இருமலும், குனிந்தே உட்கார்ந்து வரும் முதுகுவலியும் அவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கிடைத்தவை. அவர்கள் வயிற்றில் அடிக்கிற ஒரு வார்த்தை என் வாயில் இருந்து வராது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். 2003-ல் வந்த புகையிலைப் பொருட்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கும் விதிகளும் பீடி சுற்றாதே என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு விற்காதே என்றோ, நீ குடிக்கவே கூடாது என்றோ சொல்லவில்லை. குடிக்கிறவரிடம் பொது இடத்தில் குடிக்காதே என்கின்றன, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஹோட்டல் எல்லாம் இதில் அடக்கம். அங்கேயே சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கிற எந்த இடமும் உணவகம்தான், அதைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் சேர்த்தி என்று விதியிலேயே இருக்கிறது. அதாவது டீக்கடையும் அதன் வாசலில் கிடக்கிற பெஞ்சும் சேர்த்துத்தான். சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர் மாதிரி எதையும் அங்கே வைத்துக் கொடுக்கக் கூடாது என்பதும் விதி.

இப்போது நம்ம பக்கத்துக் கடைகளை நினைத்துப் பாருங்கள். தூணில் ஒரு தேங்காய்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் நாள் பூராவும் கங்கு கனன்றுகொண்டிருக்கும். பெரியவர்களுக்கு இடுப்பளவு உயரம், பால் வாங்க வந்த பிள்ளைக்கு முகத்துக்கு நேர். வருகிறவர் குனிந்து பற்றவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்வார். அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான். ஆனால் கருக்கலில் கடை திறந்து ராத்திரி அடைக்கிற வரைக்கும் பாய்லர் பக்கத்தில் நிற்கிற டீ மாஸ்டர்? கிளாஸ் கழுவுகிற அந்தப் பையன்? வடை போடுகிற அக்கா? எழுந்து போக முடியாதவர்கள் இவர்கள். ஒருவர் முடித்தால் அடுத்தவர் பற்றவைப்பார். அவர்களில் யாரும் ஒரு பீடியைக்கூட உதட்டில் வைத்திருக்க மாட்டார்கள், புகை மட்டும் நெஞ்சுக்குள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

குடிக்கிறவரை விட நமக்குக் கொஞ்சம்தானே வருகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அளவு குறைவுதான். ஆனால் ஒருவர் இழுப்பது நடுநடுவே சில விநாடிதான். மற்ற நேரமெல்லாம் அது விரலிடுக்கில் தானாக எரிந்துகொண்டிருக்கும், சுற்றியிருப்பவர்களுக்கு வருவதில் பெரும்பகுதி அந்தப் புகை. குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிவதால் அதில் நஞ்சு அதிகம். சிகரெட்டின் பஞ்சு அவர் வாய்ப்பக்கம் இருக்கிறது, எரிகிற பக்கத்தில் நமக்கு எந்தப் பஞ்சும் கிடையாது. கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு என்று புகையிலைப் புகையில் 7000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அதில் 70 வரை புற்றுநோய் தருபவை.

ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர் புகைபிடிக்காத மனைவிமார் 91,540 பேரைப் பல வருஷம் கவனித்து 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் புகைக்கிற வீட்டில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வந்திருந்தது. ஆண்கள் புகைப்பார்கள், பெண்கள் புகைக்க மாட்டார்கள் என்கிற நம்ம ஊர் மாதிரியான குடும்பங்கள்தான் அவை. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-ல் வெளியிட்ட அறிக்கை, வீட்டிலோ வேலையிடத்திலோ அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு இதய நோய் 25 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாக வரும் என்றது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்றும் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருஷத்துக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுத்தவர் குடித்த புகையால் சாகிறார்கள். கைக்குழந்தைகளுக்குச் சளி, இளைப்பு, காதில் சீழ், தூக்கத்திலேயே திடீர் மரணம். கர்ப்பிணிக்கு எடை குறைந்த பிள்ளை. இதையெல்லாம் ஒரு டீக்கு நடுவில் யாரும் யோசிப்பதில்லை.

"அண்ணாச்சி, மடியில பிள்ளை இருக்கு, கொஞ்சம் அங்கிட்டுப் போய்க் குடிங்களேன்" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கிறேன். "திறந்தவெளிதானம்மா, காத்துல போயிரும்" என்பார்கள். பெரும்பாலும் நல்ல மனுஷர்கள்தான், சொன்னால் எழுந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் மேலே கூரை, பின்னால் சுவர், பக்கத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற பஸ், மழை வந்தால் அத்தனை ஜனமும் உள்ளே. எந்தக் காற்றில் போகும்? தனியாக ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களுக்கும் இதேதான் பதில். ஆற்றில் மேல்படித்துறையில் சோப்புப் போட்டால் கீழ்ப்படித்துறைக்கு வராமலா போகும்?

வெளியே தடுத்தால் வீட்டில் போய்க் குடிப்பார்கள், பிள்ளைகளுக்குத்தான் கேடு என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். நியாயமான கவலை. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தபோது இதே பயம் அங்கேயும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் எச்சிலைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். புகையின் தடயம் குறைந்திருந்தது, கூடவில்லை. ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்கிற பிள்ளைகள் அதுவரை வருஷாவருஷம் கூடிக்கொண்டே வந்தார்கள், தடைக்கு அப்புறம் வருஷத்துக்கு 18 சதவீதம் அளவில் குறைய ஆரம்பித்தார்கள். வெளியே குடிக்க முடியாத பழக்கம் வீட்டிலும் கொஞ்சம் கூசும், அதுதான் நடந்தது. இங்கே அந்தக் கூச்சம் இன்னும் வரவில்லை. 2016-17-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் தங்கள் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, தொழிலுக்கு வருவோம். பொது இடத்தில் தடையை ஒழுங்காக நடத்தினால் சிலர் குறைப்பார்கள், சிலர் விட்டேவிடுவார்கள். பீடி கொஞ்சம் குறைவாக விற்கும். அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்து பீடி சுற்றுகிற எந்த அம்மாவும் தன் மகளும் இதே முறத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான், என்னை முறத்தைத் தொடவே விடமாட்டாள். அவர்களுக்கு வேறு வேலை வேண்டும், அதுவரை நியாயமான கூலி வேண்டும், வயதானபின் பென்ஷன் வேண்டும். அதைக் கேட்கிற இடம் அரசாங்கமும் கம்பெனிகளும். அதற்குப் பதிலாக டீ மாஸ்டரின் நெஞ்சை அடமானம் வைக்க முடியாது.

இப்போதைக்கு நான் கேட்பது சின்ன விஷயங்கள். கடைக்கார அண்ணாச்சிகளே, அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். பீடி வாங்கினால் தள்ளிப் போய்க் குடிக்கச் சொல்லுங்கள். உங்கள் மேல்தான் பொறுப்பு, விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் அதிகாரிகளுக்கு: அபராதம் 200 ரூபாய் வரைதான், அதைக்கூட யாரும் வசூலித்து நான் பார்த்ததில்லை. யாரிடம் புகார் சொல்வது என்று பெயரைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டில் "புகை பிடிக்கக் கூடாத இடம்" என்று பலகை இருக்கிறது, யாரிடம் சொல்ல என்கிற இடம் மட்டும் காலி. அங்கே ஒரு பெயரையும் எடுத்துப் பேசுகிற ஒரு போன் நம்பரையும் எழுதுங்கள். முதல் போன் நானே போடுகிறேன்.