பன்னிரண்டாவது எபிசோடில் அம்போ

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வில்லன் முகமூடியைக் கழற்றப் போகிறான், நாயகன் கண் விரிகிறது, இசை ஏறுகிறது. அப்புறம்? முடிவுப் பாட்டு. 12 எபிசோட் ஆகிவிட்டது, சீசன் முடிந்தது, நடையைக் கட்டுங்கள்!

ஜப்பானில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு அனிமே சீசன். பெரும்பாலும் 12, 13 எபிசோடில் கடையைச் சாத்திவிடுகிறார்கள். பல தொடர்களுக்குப் பணம் போடுவது பல கம்பெனிகள் சேர்ந்த தயாரிப்புக் குழு. அதில் மாங்காவை, அதாவது கதைக்கு மூலமான காமிக்ஸை, வெளியிடும் பதிப்பகமும் உட்கார்ந்திருக்கும். மிச்சக் கதைக்காகப் புத்தகம் விற்றால் அவர்களுக்குச் சரி, நாம் அந்தரத்தில் தொங்கினால் யாருக்கு என்ன?

2015-இல் தொடங்கிய 'ஒன் பஞ்ச் மேன்', மூன்றாவது சீசனுக்கு வர 2025 ஆனது. அதற்குள் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதே மறந்துவிடும்.

இதில் விமர்சகர்கள் வேறு. முதல் எபிசோடுக்கே பத்துக்குப் பத்து! கடைசி எபிசோட் வரும்போது ஆளையே காணோம்.

சரி, ரசிகர்கள் கூடும் கன்வென்ஷனிலாவது புலம்பலாம் என்று வாயைத் திறந்தால், காஸ்பிளே என்று கதாபாத்திர வேடம் கட்டி, வாளை ஊன்றிக்கொண்டு ஒருவர் சொல்கிறார்: "மாங்கா படிக்கலையா? அவன்தான் செத்துப்போயிடுவானே!" அந்த ஃபோம் வாளைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒரு போடு போடலாம் போலிருக்கிறது.