தேர்வுக்குப் பிறகும் வேலை இருக்கிறது

பொழுதுபோக்காக உரிமம் பெற்று வானொலியில் பேசும் ஹாம் வானொலி பற்றிய நல்ல கட்டுரை. ஆனால் 'தேர்வில் தேறினால் பேசத் தொடங்கலாம்' என்ற வரி புதியவர்களைக் குழப்பிவிடும். தேர்வில் கிடைப்பது சான்றிதழ்தான். உரிமமும், நம்மை அடையாளம் காட்டும் அழைப்புக் குறியும் கைக்கு வந்த பிறகே ஒலிபரப்பியைத் தொட வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) தேவையில்லை, வியூ3 என்று தொடங்கும் குறி கிடைக்கும். அதற்கு மேலான ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும், குறி வியூ2.

ஆன்லைனில் மலிவாக வரும் சீன வாக்கி டாக்கியை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் தேர்வு எழுதலாம் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உரிமமில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். ஹாம்களான நமக்கு '2 மீட்டர்' எனப்படும் அலைப்பட்டையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அந்தக் கருவிகளில் பலவும் அதைத் தாண்டியும் ஒலிபரப்பும். பட்டனை அழுத்துபவர் யாருடைய அலைவரிசையில் புகுந்தோம் என்றே அறியமாட்டார்.

பாட்டு போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, அழைப்புக் குறியைச் சொல்லாமல் பேசக் கூடாது. இதெல்லாம் வெறும் கெடுபிடி இல்லை. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் ஹாம் வானொலி வழியே அந்தமானின் செய்திகளை வெளியுலகுக்குச் சேர்த்தார். அலைவரிசையில் ஒழுங்கு இருந்தால்தான் அப்படியொரு குரல் நம் காதில் விழும். எனவே பேசுமுன் சற்று நேரம் கேளுங்கள், 'இந்த அலைவரிசையை யாராவது பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.