மெஷினுக்குச் சாதி தெரியாதாம்

போலீஸ் வேலைக்கு ஏஐ வந்தால் நல்லதுதானே, மனுஷனுக்குத்தான் சாதிப் பார்வை, மெஷினுக்கு ஏது என்று நன்றாகப் படித்தவர்களே பேசுகிறார்கள். இதை உசிலம்பட்டிப் பக்கம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

1920 ஏப்ரல் 3. அங்கே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்களிடம் கைரேகை வாங்கப் போலீஸ் வந்தது. ஊர் மறுத்தது. சுட்டார்கள். செத்த 16 பேரில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அந்த ஊர்க்காரர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. 1871-இல் வடக்கே தொடங்கி 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி, ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் போதும், அதில் பிறந்தவனைப் பதிவேட்டில் ஏற்றலாம். ஏறியவன் ரேகை வைக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போனால் தகவல் சொல்ல வேண்டும்.

கைரேகைதான் அன்றைக்குப் புது டெக்னாலஜி. 1897-இல் கல்கத்தாவில் அதற்கென்று அலுவலகம் திறந்தார்கள். லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போனது 1901-இல்தான். ரேகைகளை வகை பிரித்துத் தேடும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது, அது தனிக் கதை. அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. ரேகை பொய் சொல்லவில்லை. யாருடைய ரேகையை எடுத்து வைப்பது என்பதில்தான் அநியாயம் இருந்தது.

இன்றைக்கு ஏஐ பாரபட்சம் என்றாலே, கறுத்த முகத்தை கேமராவுக்குச் சரியாகத் தெரிவதில்லை என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதுவும் உண்மைதான். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் 2018-இல் சோதித்த மென்பொருள்களில் ஒன்று, கருநிறப் பெண்களை ஆணா பெண்ணா என்று சொல்வதில் 34.7 சதவீதம் தப்பு செய்தது. வெளுத்த ஆண்களிடம் எந்த மென்பொருளின் தப்பும் 1 சதவீதத்தை எட்டவில்லை. சரி, இன்னும் நிறைய கறுத்த முகங்களைக் காட்டிப் பழக்கினால் தப்பு குறையும். அப்புறம்? கேடி லிஸ்டில் இருப்பவனைத் திருவிழாக் கூட்டத்திலும் பிசகாமல் காட்டிக்கொடுக்கும். அவன் லிஸ்டுக்குள் எப்படி வந்தான் என்று கேட்காது.

எப்படி வருகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? எங்கேயோ நகை திருட்டுப் போனால் வேன் முதலில் குறவர் குடியிருப்புக்குப் போகும். போன இடத்தில் நாலு பேர் சிக்குவார்கள். வழக்கு ஏறும், வழக்கு டேட்டா ஆகும். அந்த டேட்டாவில் பழகிய மெஷின் மறுபடியும் அங்கேயே போகச் சொல்லும். அமெரிக்காவில் ஓக்லாண்ட் நகரத்துப் போதைப்பொருள் வழக்குகளை வைத்து கிறிஸ்டியன் லம், வில்லியம் ஐசக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016-இல் இதைத்தான் காட்டினார்கள். போதைப் பழக்கம் எல்லா இனத்தாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவு இருந்தும், குற்றம் எங்கே நடக்கும் என்று கணிக்கும் மென்பொருள் வெள்ளையரைப் போல் இரண்டு மடங்கு கறுப்பர்களைக் குறிவைத்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம்தான் போய்விட்டதே என்பார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுக்க 1952-இலும் போனது. அந்த இடத்தில் வழக்கமாகக் குற்றம் செய்வோருக்கான சட்டங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. சிறை விதிகளில் சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய சட்டத்தின் பட்டியலில் இருந்த சமூகத்தாரை, வழக்கமாகக் குற்றம் செய்வோராகப் பார்க்கும் பழக்கத்தை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வந்து கண்டிக்க வேண்டியிருந்தது. விதி அச்சில் இருந்ததால் அதைக் காட்டி கோர்ட்டுக்குப் போக முடிந்தது. மென்பொருளுக்குள் இருப்பதை எதைக் காட்டி வழக்குப் போடுவது?

இன்னொன்று. பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-இல் கைதிகள் அடையாளச் சட்டம் என்று ஒன்று வந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டார்கள். கைரேகையோடு கருவிழி, விழித்திரைப் பதிவும் எடுக்கலாம், 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, கைதானவரிடமும் எடுக்கலாம். வழக்கில் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் மேல்முறையீடெல்லாம் முடிய வேண்டும். நம் ஊரில் அது எந்தக் காலத்தில் முடியும்?

தமிழ்நாடு போலீஸிடமும் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. அதில் யார் படமெல்லாம் ஏறியிருக்கிறது, எந்த வழக்கில் ஏறியது, விடுதலையான எத்தனை பேர் படம் இன்னும் கிடக்கிறது, அதில் சீர்மரபினரும் தலித்துகளும் எத்தனை பேர் என்று சட்டமன்றத்தில் யாராவது ஒரு எம்எல்ஏ கேட்க வேண்டும். எந்தக் கட்சி என்றாலும் பரவாயில்லை.