காலி சைட்டில் தோட்டமா? எத்தனை வருஷத்துக்கு?

பெங்களூரில் எங்கள் ஜீவன்பீமா நகர் பக்கத்து வாட்ஸப் குழுவில் இப்போது ஒரே பேச்சு. கடைக் கீரை சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்ததோ என்ற பயத்தில், காலி மனைகளைக் குத்தகைக்கு வாங்கித் தெருக்காரர்கள் சேர்ந்து காய்கறி போடலாமாம். எனக்கும் ஆசைதான். ஆனால் எத்தனை வருஷத்துக்குக் குத்தகை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "முதல்ல 11 மாச அக்ரிமெண்ட் போடுவோம், சரியா வந்தா நீட்டிக்கலாம்" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

வாடகை வீட்டுக்கு அது போதும். நம்ம ஊர் காலி சைட்டை ஒரு முறை தோண்டிப் பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். மேலே பார்த்தீனியம், அதை வெட்டினால் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போன இடிபாடு, டைல்ஸ் துண்டு, மூட்டையோடு இறுகிப்போன சிமெண்ட், அதற்கெல்லாம் கீழேதான் செம்மண். பழைய வீட்டை இடித்த குப்பை என்றால் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம், வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியே 2016-இல்தான் வந்தது. மண்ணில் சேர்ந்த ஈயம் லேசில் போகாது, கீரையிலும் ஏறும். ஆக மண்ணைப் பரிசோதிக்கணும், மோசமாக இருந்தால் மேல்மண்ணை வாரிவிட்டுப் புது மண் அடிக்கணும், தொழுவுரம் போடணும். மண் பதத்துக்கு வருகிற நேரத்தில் காலி பண்ணு என்றால் யார் கைக்காசைப் போடுவார்கள்?

எங்கள் தெருமுனையில் கட்டட வேலைக்கு வந்த தருமபுரிக்காரப் பெண் ஒருவர், ஷெட்டை ஒட்டிய துண்டு இடத்தில் சிறுகீரையும் வெந்தயக்கீரையும் போட்டிருக்கிறார். ஓரத்தில் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றக் கூடாதா என்று கேட்டேன். "அது காய்க்கிற வரைக்கும் நம்மள இங்க விட்டு வெப்பாங்களாக்கா?" என்றார். ஒரு மாதத்துக்குள் பறித்துவிடுகிற கீரை மட்டும் அவர் போடுவதற்குக் காரணம் அதுதான்.

இத்தனைக்கும் நீண்ட குத்தகை இந்த ஊருக்குப் புதுசு இல்லை. பிடிஏ, அதாவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம், பொது வசதிகளுக்கென்று ஒதுக்கிய தன் சி.ஏ. சைட்டுகளை 30 வருஷக் குத்தகைக்கே விடுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நூலகம், ஏன், பால் பூத் கூட 1976-ஆம் வருஷ பிடிஏ சட்டத்தின் பொது வசதிப் பட்டியலில் இருக்கிறது. காய்கறித் தோட்டம் இல்லை. ஆனால் அரசு ஓர் அறிவிக்கை போட்டு வேறு வசதிகளையும் சேர்த்துக்கொள்ள அதே சட்டத்தில் வழி இருக்கிறது. 30 வேண்டாம், 5 வருஷம் கொடுங்கள், திரும்ப வேண்டுமென்றால் ஒரு போகம் முன்னாடியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். நியூயார்க்கில் ஜனங்கள் குப்பைமேட்டைத் திருத்தித் தோட்டமாக்கி வைத்திருந்த மனைகளில் நூற்றுக்கு மேற்பட்டதை 1999-இல் மாநகராட்சி ஏலம் விடக் கிளம்பியது. வெளியார் அமைப்புகள் காசு கொடுத்து வாங்கியதால் அவை தப்பின. நமக்கு அப்படி வாங்கிக் கொடுக்க யார் வரப்போகிறார்கள்?

தண்ணீரையும் குத்தகையிலேயே எழுதிக்கொள்ளணும். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள், மறந்திருக்காது. கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. அது போகட்டும், அவர்களுக்கும் வேண்டியதுதான். அதில் நமக்கும் கொஞ்சம் கேட்கலாமே என்றால், சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த கீரைக்குப் பயந்துதானே இந்தத் தோட்டப் பேச்சே வந்தது? அதனால் மழைநீர்த் தொட்டி கட்ட அனுமதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், யாருக்குக் குத்தகை? ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு வருகிற நம்மைப் போன்றவர்களுக்கே எல்லாப் பாத்தியும் போனால் எனக்கு இதில் அக்கறை இல்லை. மர்ஃபி டவுன் பக்கம் கீரை ஆய்ந்து விற்கிற பெண்களுக்குப் பாதியாவது ஒதுக்கி வைக்கணும், வைப்புத்தொகை கேட்கவே கூடாது.

மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்த பிறகு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதே பாதிப் பேருக்குக் குழப்பம். தமிழில் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். கன்னடத்தில் எழுதித் தரத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.